கோட் எழுதினது நீங்க, ஓனர் யாரு? ஓப்பன் சோர்ஸ்ல போடறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

புதுசா ப்ரோக்ராமிங் வேலைக்கு வந்தவங்க என்கிட்ட கேக்கற முதல் கேள்வி பெரும்பாலும் "எம்ஐடி லைசென்ஸ் போடவா, ஜிபிஎல் போடவா"ங்கறதுதான், கோடை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தற மாதிரி ஓப்பன் சோர்ஸா வெளியிடறப்ப அதோட வைக்கற ரெண்டு வகை அனுமதிப் பத்திரம் அது. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு கேக்கணும், அந்த கோடுக்கு லைசென்ஸ் குடுக்கற உரிமை உங்ககிட்ட இருக்கா? லைசென்ஸ்னா ஒரு பொருளோட ஓனர் மத்தவங்களுக்கு குடுக்கற அனுமதி, அவ்வளவுதான். வீட்டுக்காரர் "வாடகைக்கு விடப்படும்"னு போர்டு மாட்டலாம், குடியிருக்கறவர் மாட்டினா அதை நம்பி அட்வான்ஸ் குடுத்தவங்கதான் தவிச்சுப் போவாங்க. சம்பளத்துக்கு கோட் எழுதற நம்மள்ல நிறைய பேரு அந்த கோட்ல குடியிருக்கறவங்கதான், அது தெரியாமலே போர்டு மாட்டிட்டு இருக்கோம்.

நானும் மாட்டினவன்தான். முதல் வேலையில இருந்தப்போ ராத்திரில உக்காந்து ஒரு சின்ன லாக் பார்சர் (ப்ரோக்ராம் எழுதி வைக்கற பதிவுகளைப் படிச்சுப் பிரிக்கற கருவி) எழுதி எம்ஐடி லைசென்ஸ்ல வெளிய போட்டேன், எழுதினது ஆபீஸ் லேப்டாப்ல, ஐடியா வந்ததே ஆபீஸ்ல பகல் பூரா மண்டைய உடைச்ச ஒரு பிரச்சினையில இருந்து, ஆனா ராத்திரில எழுதினதால அது என்னோடதுன்னு மனசார நம்பினேன். சில மாசம் கழிச்சு லீகல்ல இருந்து மெயில் வந்துச்சு, அன்னைக்கே ரெப்போவை, அதாவது கோட் வச்சிருந்த பொது இடத்தை, எடுத்துட்டேன். என் வேலைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அதை தங்களோட ப்ராஜெக்ட்ல சேர்த்திருந்த நாலஞ்சு பேரு "இனி நாங்க இதை வச்சுக்கலாமா கூடாதா"ன்னு கேட்டப்போ என்கிட்ட பதில் இல்ல. முகம் தெரியாத ஆளுங்க என் பேச்சை நம்பி எடுத்திருக்காங்க, அந்தப் பேச்சு குடுக்கற உரிமையே எனக்கு இல்லாம இருந்திருக்கு. அந்த வருத்தம் இன்னும் இருக்கு, அதனாலதான் இதை இவ்வளவு விவரமா எழுதறேன்.

நான் வக்கீல் இல்ல. உங்க விஷயத்துல பெரிய பணமோ கம்பெனி ஆரம்பிக்கற யோசனையோ இருந்தா வக்கீல்கிட்ட போங்க. மத்தபடி கீழ இருக்கற வரிசையில போனா பெரும்பாலான சிக்கல் வராது.

முதல் படி: சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கங்க

நீங்க எந்த அக்ரிமென்ட்லயும் கையெழுத்துப் போடலன்னே வச்சுக்கங்க, அப்பவும் சட்டம் ஒரு பதில் வச்சிருக்கு. இந்தியாவுல 1957 காப்பிரைட் சட்டம் 17வது பிரிவு, வேலை ஒப்பந்தத்துக்குக் கீழ வேலையோட பாகமா ஒருத்தர் செஞ்ச படைப்புக்கு, வேற மாதிரி பேசிக்கலன்னா, முதலாளிதான் முதல் ஓனர்ங்குது, கம்ப்யூட்டர் ப்ரோக்ராமும் அந்தச் சட்டத்துல இலக்கியப் படைப்புங்கற கணக்குலதான் வருது. பிரிட்டன்ல 1988 சட்டத்தோட 11வது பிரிவும் கிட்டத்தட்ட இதேதான். ஐரோப்பிய யூனியன்ல மென்பொருளுக்குன்னே தனி டைரக்டிவ் இருக்கு, இப்ப நடைமுறையில இருக்கறது 2009ல வந்தது, வேலையா செஞ்சதோ முதலாளி சொல்லி செஞ்சதோ எதுவா இருந்தாலும் அதோட பொருளாதார உரிமை முழுக்க முதலாளிக்குன்னு சொல்லுது. அமெரிக்காவுல "வொர்க் மேட் ஃபார் ஹயர்"னு ஒரு கருத்து, அதுல இன்னும் ஒரு படி மேல போய் சட்டத்தோட கண்ணுக்கு முதலாளியே எழுத்தாளர்.

இதுல புதுசா வர்றவங்க எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கற இடம் ஒண்ணு இருக்கு. "ஆபீஸ் நேரத்துல எழுதல, வீட்ல என் சொந்த கம்ப்யூட்டர்ல எழுதினேன், அப்ப என்னோடது"ன்னு நினைக்கறாங்க. சட்டம் பாக்கறது கடிகாரத்தை மட்டும் இல்ல, இந்த கோட் உங்க வேலையோட பாகமாங்கறதைத்தான் முக்கியமாப் பாக்குது. பிரிட்டன்ல ஒரு மென்பொருள்காரர் பெரும்பகுதி வீட்ல சொந்த மெஷின்ல எழுதின ப்ரோக்ராமுக்கு உரிமை கேட்டு கோர்ட்டுக்குப் போனாரு, 2021ல மேல்முறையீட்டு கோர்ட் வரைக்கும் போயும் அது கம்பெனியோடதுன்னுதான் தீர்ப்பு, ஏன்னா அந்த மாதிரி மென்பொருள் செய்யறதுதான் அவரோட வேலை. ஆக நேரமும் இடமும் சாட்சி மாதிரி உதவும், அதுவே முடிவு கிடையாது.

ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு நிலைமை தலைகீழ். நீங்க ஊழியர் இல்லாம காண்ட்ராக்டரா எழுதிக் குடுத்தா பல நாடுகள்ல உரிமை முதல்ல உங்ககிட்டதான் இருக்கு, எழுத்துல மாத்திக் குடுத்தாத்தான் கிளையண்டுக்குப் போகும். அமெரிக்காவுல 1989ல சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஒரு வழக்கு, விஷயம் ஒரு சிலை, மென்பொருள் இல்ல, அதை செஞ்ச சிற்பி ஊழியர் இல்ல தனி காண்ட்ராக்டர்னு கோர்ட் சொன்னதுல இருந்து, காசு குடுத்ததால மட்டும் காப்பிரைட் வந்துடாதுங்கறது அங்க நிலையாயிடுச்சு. இந்தியச் சட்டத்துல இன்னொரு விஷயம் கவனிங்க, உரிமையை மாத்திக் குடுக்கற பத்திரத்துல எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலன்னா 5 வருஷம்னும், எந்த நிலப்பரப்புக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்கு மட்டும்னும்தான் 19வது பிரிவு எடுத்துக்கும். அதனால ஃப்ரீலான்சரா இருக்கறவங்க கிளையண்டோட பத்திரத்தை வரி விடாம படிங்க, அதுல நீங்க ஏற்கெனவே எழுதி வச்சிருக்கற பொது லைப்ரரியையும் சேர்த்து எழுதிக் குடுத்துடாதீங்க, அதுக்கு "இது என்னோட பழைய கோட், பயன்படுத்த அனுமதி மட்டும்"னு ஒரு வரி தனியா போடச் சொல்லுங்க.

ரெண்டாவது படி: உங்க அக்ரிமென்ட்டைத் தேடி எடுங்க

சேர்ந்த அன்னைக்கு பத்து பேப்பர்ல கையெழுத்து வாங்கியிருப்பாங்க, நீங்களும் சந்தோஷத்துல எல்லாத்துலயும் போட்டிருப்பீங்க. அதை எல்லாம் எடுங்க, ஆஃபர் லெட்டர், அதோட வந்த இணைப்பு, ரகசியம் காக்கற ஒப்பந்தம், ஊழியர் கையேடு, ஓப்பன் சோர்ஸ் பாலிசின்னு ஏதாவது உள்ள இருந்தா அதுவும். கையேடு சும்மா ஒரு பேப்பர்னு விட்டுடாதீங்க, பல ஆஃபர் லெட்டர்ல "கம்பெனி பாலிசிகளுக்குக் கட்டுப்படறேன்"னு ஒரு வரி இருக்கும், அந்த ஒரு வரியில கையேடு பூரா உள்ள வந்துடும்.

தேட வேண்டியது "இன்வென்ஷன்", "அறிவுசார் சொத்து", "அசைன்மென்ட்" இந்த வார்த்தைங்க வர்ற பாரா. அது பொதுவா மூணுல ஒரு மாதிரி இருக்கும். சிலதுல "வேலைக்காக செஞ்சது கம்பெனிக்கு"ன்னு குறுகலா இருக்கும், இது நியாயமானது. சிலதுல "கம்பெனியோட தொழிலுக்கு சம்பந்தப்பட்டது, இனிமே செய்யப்போற தொழிலுக்கு சம்பந்தப்பட்டது உட்பட"ன்னு இருக்கும், சின்ன கம்பெனில இது சமாளிக்கலாம், ஆனா எல்லா துறையிலயும் கால் வச்சிருக்கற பெரிய கம்பெனில சம்பந்தம் இல்லாத விஷயம்னு ஒண்ணைக் காட்டறதே கஷ்டம். மூணாவது வகை "வேலையில இருக்கற காலத்துல நீ உருவாக்கின எல்லாமே எங்களுது"ங்கறது, இதைப் பாத்தா கண்டிப்பா நின்னு பேசுங்க.

வினைச்சொல்லையும் பாருங்க. "உரிமையை மாற்றித் தர சம்மதிக்கிறேன்"ங்கறதும் "இதன் மூலம் இப்போதே மாற்றித் தருகிறேன்"ங்கறதும் ஒண்ணு இல்ல. ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டிக்கும் ரோஷ் கம்பெனிக்கும் நடந்த பேட்டன்ட் வழக்குல, யுனிவர்சிட்டி பேப்பர்ல முதல் வகை வார்த்தை, இன்னொரு கம்பெனில அதே ஆராய்ச்சியாளர் கையெழுத்துப் போட்ட பேப்பர்ல ரெண்டாவது வகை, ரெண்டாவதுதான் ஜெயிச்சது, 2011ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் யுனிவர்சிட்டிக்கு எதிராத்தான் முடிச்சுது. உங்க பேப்பர்ல ரெண்டாவது வகை இருந்தா, நீங்க எழுதி முடிச்ச அந்த நிமிஷமே அது கம்பெனிக்குப் போயிடுதுன்னு எடுத்துக்கங்க.

இந்த பாரா எவ்வளவு தூரம் போகும்னு தெரியணும்னா அமெரிக்காவுல டெக்ஸாஸ்ல நடந்த ஒரு வழக்கு இருக்கு. ஒரு ப்ரோக்ராமர் பழைய மெஷின் கோட் எடுத்து மேல்நிலை மொழிக்கு மாத்தற ஒரு வழி தன் தலைக்குள்ள இருக்குன்னு சொன்னாரு, ஒரு வரி கூட எழுதி வைக்கல, சேர்றப்ப கையெழுத்துப் போட்ட பேப்பரைக் காட்டி கம்பெனி கேஸ் போட்டுச்சு, அந்த ஐடியாவே கம்பெனியோடதுன்னு தீர்ப்பு வந்துச்சு, 2004ல மேல்முறையீட்டுலயும் அதுதான் நின்னுச்சு.

எல்லா இடத்துலயும் கம்பெனி எழுதினதே வேதம்னு இல்ல. கலிஃபோர்னியாவுல லேபர் கோட் 2870வது பிரிவுன்னு ஒண்ணு, சொந்த நேரத்துல, கம்பெனியோட கருவியோ இடமோ வர்த்தக ரகசியமோ எதையும் தொடாம நீங்க செஞ்சதை கம்பெனி ஒப்பந்தத்தை வச்சு எடுத்துக்க முடியாது, ஆனா அது கம்பெனியோட தொழிலுக்கோ அவங்க செய்யற இல்ல செய்யப்போற ஆராய்ச்சிக்கோ சம்பந்தப்பட்டதா இருந்தாலோ, அவங்களுக்காக நீங்க செஞ்ச வேலையில இருந்து பிறந்ததா இருந்தாலோ இந்தப் பாதுகாப்பு கிடையாது. வாஷிங்டன், இல்லினாய் மாதிரி வேற சில மாநிலங்கள்லயும் இப்படி இருக்கு. உங்க நாட்டுல இந்த மாதிரி ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை விசாரிங்க.

இன்னும் சேரலன்னா உங்களுக்கு இதுதான் நல்ல நேரம், சேர்ந்த பிறகு கேக்கறதை விட ஆஃபர் கையில இருக்கறப்ப கேக்கறது நூறு மடங்கு சுலபம். ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, ஏற்கெனவே நீங்க எழுதினதை எல்லாம் பட்டியல் போட்டு இணைப்பா சேர்க்கறது, நிறைய அக்ரிமென்ட்ல அதுக்குன்னே ஒரு பக்கம் காலியா விட்டிருப்பாங்க, நாம "ஒண்ணுமில்லை"ன்னு எழுதிட்டு வந்துடறோம், அப்படி எழுதாதீங்க, பாதில நிக்கற ப்ராஜெக்டையும் பேர் போட்டு ஒரு வரி விளக்கத்தோட எழுதுங்க. ரெண்டு, பாரா ரொம்ப அகலமா இருந்தா குறுக்கச் சொல்லிக் கேளுங்க. மாதிரி வேணும்னா கோட் ரெப்போ வச்சுக்கற தளமான கிட்ஹப் கம்பெனி 2017ல தன்னோட ஊழியர் ஒப்பந்தத்தை யாரு வேணா எடுத்துப் பயன்படுத்தற மாதிரி வெளியிட்டிருக்கு, "பேலன்ஸ்டு எம்ப்ளாயி ஐபி அக்ரிமென்ட்"னு பேரு, கம்பெனியோட பொருளுக்கும் சேவைக்கும் சம்பந்தப்பட்டதை மட்டும் கம்பெனிக்குன்னு வச்சுட்டு மீதியை ஊழியர்கிட்டயே விடுது, அதைக் காட்டி "இப்படிக் கூட இருக்கு பாருங்க"ன்னு பேசலாம்.

அப்புறம் வெளி வேலை பாக்கக்கூடாதுங்கற பாரா தனி, அது உரிமை பத்தின பாரா இல்ல. கோட் உங்களோடதாவே இருந்தாலும் அதுல ஸ்பான்சர் காசு வாங்கினா அந்தப் பாராவுல மாட்டலாம். வேலையை விட்ட பிறகும் ஆறு மாசம், ஒரு வருஷம்னு நீளற பாரா இருக்கான்னும் பாத்துக்கங்க.

மூணாவது படி: பிரிச்சு வைங்க

இது சின்ன வேலை, இன்னைக்கே செஞ்சுடலாம். சொந்த ப்ராஜெக்டுக்கு சொந்த மெஷின், சொந்த இன்டர்நெட், சொந்த மெயில் ஐடி, சொந்த கிளவுட் கணக்கு. ஆபீஸ்ல வாங்கின எடிட்டர் லைசென்ஸ், ஆபீஸ் கட்டற ஏஐ உதவியாளர் கணக்கு இதெல்லாம் கூட கம்பெனி வளம்தான்ங்கறதை நிறைய பேரு மறந்துடறாங்க. கிட்ல (கோட்ல செய்யற மாத்தத்தை எல்லாம் பதிஞ்சு வைக்கற கருவி) ஒவ்வொரு கமிட்லயும், அதாவது ஒவ்வொரு பதிவுலயும், உங்க மெயில் ஐடி பதிவாகும், அதுல ஆபீஸ் ஐடி இருந்தா அதுவே கம்பெனிக்கு நீங்க எழுதிக் குடுத்த சாட்சி மாதிரி ஆயிடும். கிட் 2.13ல இருந்து, அது 2017ல வந்தது, ஒரு ஃபோல்டருக்குள்ள இருக்கற ரெப்போவுக்கு மட்டும் வேற செட்டிங் எடுத்துக்கற வசதி இருக்கு, சொந்த ப்ராஜெக்டெல்லாம் ஒரே ஃபோல்டர்ல வச்சு அதுக்கு சொந்த ஐடி வர்ற மாதிரி ஒரு தடவை போட்டு வச்சா மறக்கற பேச்சே இல்ல.

கமிட் நேரத்தை மாத்தி எழுதறது, வரலாறை அழிச்சு புதுசா போடறது இந்த வேலையெல்லாம் வேண்டாம். ஏதாவது பிரச்சினை வந்தா நேர்மையான வரலாறுதான் உங்களைக் காப்பாத்தும்.

நாலாவது படி: எழுத்துல கேட்டு வாங்குங்க

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு படிதான் செய்வேன்னு நீங்க சொன்னா, இதைச் செய்யுங்க.

ஓப்பன் சோர்ஸ் உலகத்துல முதலாளி பயம் ஆரம்பத்துல இருந்தே இருக்கு. க்னூங்கற சுதந்திர ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984 ஜனவரில எம்ஐடி யுனிவர்சிட்டியோட ஏஐ லேப் வேலையை விட்டதே இதுக்காகத்தான், ஊழியரா இருந்துட்டு க்னூ எழுதினா எம்ஐடி அது தன்னோடதுன்னு சொல்லி தன் நிபந்தனையைப் போட்டுடலாம்னு. வேலையை விட்டுட்டாரு, ஆனா அந்த லேபோட தலைவர் வின்ஸ்டன் லேப் வசதிகளை தொடர்ந்து பயன்படுத்திக்கோன்னு கூப்பிட்டாரு. நம்மால எல்லாம் வேலையை விட முடியாது, அதனால ஜிபிஎல் நமக்கு வேற வழி வச்சிருக்கு. 1991ல வந்த ஜிபிஎல் ரெண்டாவது பதிப்பை கடைசி வரைக்கும் படிச்சவங்க ரொம்ப கம்மி, அதோட முடிவுல, நீ ப்ரோக்ராமரா வேலை பாக்கறேன்னா உன் முதலாளிகிட்டயோ, மாணவனா இருந்தா உன் பள்ளிகிட்டயோ, தேவைப்பட்டா காப்பிரைட் கிடையாதுன்னு ஒரு மறுப்புப் பத்திரம் கையெழுத்து வாங்குன்னு இருக்கு, மாதிரியும் குடுத்திருக்காங்க, யோயோடைன்னு ஒரு கற்பனை கம்பெனி ஒரு கற்பனை ப்ரோக்ராம் மேல தனக்கு உரிமை இல்லன்னு சொல்ற மாதிரி, தேதி 1989 ஏப்ரல் 1. 2007ல வந்த மூணாவது பதிப்புலயும் அந்த அறிவுரை அப்படியே இருக்கு. நாம எல்லாரும் லைசென்ஸ் ஃபைலை காப்பி பண்ணி ஒட்டறோம், அதுக்குள்ளயே நமக்கு எழுதி வச்சிருக்கற எச்சரிக்கையைப் படிக்கறது இல்ல.

கேக்கறதுல ரெண்டு வகை இருக்கு, குழப்பிக்காதீங்க. ஒண்ணு, "இது உங்க வேலைக்கு சம்பந்தமில்லாதது, இதுல உங்களுக்கு உரிமை இல்லன்னு உறுதி பண்ணுங்க"ங்கறது. இன்னொண்ணு, "இது உங்களோடதுதான், இதை ஓப்பன் சோர்ஸா வெளியிட அனுமதி குடுங்க"ங்கறது. முதல் வகையில ஓனர் நீங்க, காப்பிரைட் வரியில உங்க பேரு வரும், நாளைக்கு லைசென்ஸை மாத்தணும்னா நீங்களே மாத்தலாம். ரெண்டாவதுல ஓனர் கம்பெனி, காப்பிரைட் வரியில கம்பெனி பேருதான் வரணும், எழுதினவங்கன்னு உங்க பேரை தனி ஃபைல்ல போட்டுக்கலாம். ரெண்டாவது வகை கௌரவக் குறைச்சல் இல்ல, உலகத்துல பாதி நல்ல லைப்ரரிங்க அப்படி வந்ததுதான், வெளியிட்ட பிறகு எல்லாரையும் போல நீங்களும் அந்த லைசென்ஸ்படி எடுத்துப் பயன்படுத்திக்கலாம், வேற கம்பெனிக்குப் போனாலும்.

மெயில் இப்படி இருந்தா போதும்:

"வணக்கம். நான் சொந்த நேரத்தில், சொந்த கணினியில் இன்ன பெயரில் ஒரு மென்பொருள் எழுதி வருகிறேன். அது செய்வது இது. நம் நிறுவனத்தின் கோடோ ரகசியத் தகவலோ இதில் எதுவும் இல்லை. நம் நிறுவனத் தயாரிப்புகளுடன் இதற்கு இருக்கும் தொடர்பு இவ்வளவுதான். இதை அப்பாச்சி 2.0 உரிமத்தில் பொதுவில் வெளியிட விரும்புகிறேன். இதன் மீதும், இதற்கு நான் தொடர்ந்து எழுதப்போகும் மாற்றங்கள் மீதும் நிறுவனம் உரிமை கோராது என்பதை எழுத்தில் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அதுல "இருக்கும் தொடர்பு இவ்வளவுதான்"ங்கற வரியை பூசி மெழுகாதீங்க. கொஞ்சம் சம்பந்தம் இருந்தா இருக்குன்னே எழுதுங்க, மறைச்சு வாங்கின அனுமதி தேவைப்படற அன்னைக்கு நிக்காது. "தொடர்ந்து எழுதப்போகும் மாற்றங்கள்"ங்கறதை விட்டுடாதீங்க, இல்லன்னா ஒவ்வொரு வெர்ஷனுக்கும் திரும்பப் போய் நிக்கணும்.

யார்கிட்ட கேக்கறதுங்கறது முக்கியம். மேனேஜர் டீ குடிக்கும்போது "அதுக்கென்ன, போடு போடு"ன்னு சொன்னது அன்பு, அனுமதி ஆகாது, பல கம்பெனில மேனேஜருக்கு கம்பெனி சொத்தை விட்டுக்குடுக்கற அதிகாரமே இல்ல, அதோட அவரு அடுத்த வருஷம் வேற கம்பெனில இருப்பாரு. மேனேஜரை கூட வச்சுக்கங்க, ஆனா பதில் லீகல்லயோ, ஓப்பன் சோர்ஸ் குழுன்னு இருந்தா அங்கயோ, சின்ன கம்பெனின்னா ஓனர்கிட்டயோ இருந்து வரணும். கூகுள் மாதிரி இடத்துல ஊழியரோட சொந்த ப்ராஜெக்டைப் பரிசீலிக்கறதுக்குன்னே ஒரு கமிட்டி வச்சிருக்காங்க. பதிலே வரலன்னா மௌனம் சம்மதம்னு எடுத்துக்காதீங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மரியாதையா ஞாபகப்படுத்துங்க.

எழுதறதுக்கு முன்னாடியே கேக்கறது இன்னும் நல்லது. எழுதி முடிச்சு ஆயிரம் பேரு பயன்படுத்த ஆரம்பிச்ச பிறகு கேட்டா, இல்லன்னு சொன்னா என்னங்கற பயத்துலயே நீங்க கேக்க மாட்டீங்க.

அஞ்சாவது படி: மத்தவங்க ப்ராஜெக்டுக்கு பேட்ச் அனுப்பறப்ப

பெரிய ப்ராஜெக்ட் பலதுக்கு பேட்ச், அதாவது கோட்ல ஒரு திருத்தம், அனுப்பினா "சைன்டு ஆஃப் பை"ன்னு ஒரு வரி கேப்பாங்க, இல்ல ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து கேப்பாங்க. அந்த வரி லினக்ஸ் கெர்னல்ல 2004ல வந்தது, அதுக்கு முந்தின வருஷம் எஸ்சிஓ கம்பெனி தன்னோட கோட் லினக்ஸ்ல போயிடுச்சுன்னு சொல்லி ஐபிஎம் மேல கேஸ் போட்டதுல, எந்த வரி யாரு மூலமா வந்துச்சுன்னு காட்டற வழி வேணும்னு கொண்டு வந்தாங்க. பாக்க சும்மா கையெழுத்து மாதிரி இருக்கும், ஆனா "இதை இந்த லைசென்ஸ்ல குடுக்கற உரிமை எனக்கு இருக்கு"ன்னு நீங்க உறுதிமொழி குடுக்கறீங்க. கம்பெனி உரிமை உள்ள கோட் எடுத்து இந்த வரியோட அனுப்பினா அந்த உறுதிமொழி பொய்யாயிடும். அப்பாச்சி அமைப்போட தனிநபர் ஒப்பந்தத்துல இது இன்னும் வெளிப்படையா இருக்கு, உன் முதலாளிக்கு உரிமை இருந்தா அவரோட அனுமதி வாங்கிட்டேன், இல்ல அவர் விட்டுக்குடுத்துட்டாரு, இல்ல கம்பெனி தனியா ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கு, இந்த மூணுல ஒண்ணுன்னு நீங்க சொல்லணும். க்னூவோட ஜிசிசி கம்பைலர்ல முன்னாடி உரிமையையே எழுதிக் குடுக்கணும், அதோட முதலாளியோட மறுப்புப் பத்திரமும் கேப்பாங்க, 2021ல இருந்துதான் "சைன்டு ஆஃப்" வரியும் போதும்னு ஆச்சு.

ஆபீஸ் வேலைக்காக ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரில பக் சரி பண்ணி திருப்பி அனுப்பணும்னா அந்தத் திருத்தம் கம்பெனியோடது. இதுக்கு ஒவ்வொரு தடவையும் லீகல் வாசல்ல நிக்காம, "இன்னின்ன ப்ராஜெக்டுக்கு பக் திருத்தம் அனுப்ப நிரந்தர அனுமதி"ன்னு டீமுக்கே சேர்த்து ஒரு தடவை வாங்குங்க. கம்பெனிக்கும் லாபம்தான், தனி பேட்ச் வச்சுட்டு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மல்லுக்கட்ட வேண்டாம், இதைச் சொன்னாலே பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

நீங்க முன்னாடியே எழுதின சொந்த லைப்ரரியை ஆபீஸ்ல பயன்படுத்தினா அதைவிட ஜாக்கிரதையா இருங்க. பழைய கோட் உங்களோடதாவே இருக்கும், ஆனா ஆபீஸ் தேவைக்காக ஆபீஸ் நேரத்துல அதுல சேர்க்கற ஒவ்வொரு வரியும் கம்பெனியோடது, அனுமதி இல்லாம அதை உங்க ரெப்போல சேர்த்தா ஒரே ஃபைல்ல ரெண்டு ஓனர் ஆயிடும், பிரிக்கவே முடியாது.

இங்க ஒரு தப்பான நம்பிக்கை

"எங்க ஆபீஸ் ப்ரோக்ராம்ல ஜிபிஎல் கோட் இருக்கு, அப்ப மொத்தமும் ஜிபிஎல், அதனால நான் வெளிய போடலாம்"னு சொல்ற ஆளுங்களை நிறையப் பாத்திருக்கேன். அப்படிக் கிடையாது. ஜிபிஎல்லோட சோர்ஸ் குடுக்கற கடமை மத்தவங்களுக்கு விநியோகிக்கறப்பதான் வருது, ஒரு கம்பெனி தனக்குள்ள காப்பி எடுத்து ஓட்டறது விநியோகம் ஆகாதுன்னு ஜிபிஎல்லை வெளியிட்ட ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனே சொல்லுது. கம்பெனி வெளிய விநியோகிச்சிருந்தாலும் சோர்ஸ் கேக்கற உரிமை வாங்கினவங்களுக்கு, ஊழியரா இருக்கற உங்களுக்கு அதை எடுத்து வெளியிடற அதிகாரம் அதனால வந்துடாது. கம்பெனி லைசென்ஸை மீறுதுன்னு தோணினா உள்ள எழுத்துல சொல்லுங்க, இல்ல அந்த ஜிபிஎல் கோடோட ஓனருக்குத் தெரியட்டும், லைசென்ஸை அமல்படுத்தற உரிமை அவங்களுக்குத்தான். அமல்படுத்தவும் முடியும், 2008ல ஜேக்கப்சன் வழக்குல ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸோட நிபந்தனையை மீறினா அது காப்பிரைட் மீறல்னு அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் கோர்ட் சொல்லிடுச்சு.

ஆறாவது படி: இப்பதான் லைசென்ஸ்

இது சுலபம். லைசென்ஸ் ஃபைலே போடலன்னா பொதுவுல கிடந்தாலும் யாருக்கும் உரிமை இல்லன்னு அர்த்தம், அதனால ஏதாவது ஒண்ணு கண்டிப்பா போடுங்க. யாரு எப்படி வேணா எடுத்துக்கட்டும்னா எம்ஐடி. அதே மாதிரி ஆனா பேட்டன்ட் அனுமதியும் தெளிவா வேணும்னா 2004ல வந்த அப்பாச்சி 2.0. மாத்தி விநியோகிக்கறவங்களும் சோர்ஸ் குடுக்கணும்னா ஜிபிஎல், நெட்வொர்க் வழியா மட்டும் சேவை குடுக்கறவங்களுக்கும் அது பொருந்தணும்னா ஏஜிபிஎல். கம்பெனி ஓனரா இருந்து வெளியிடற ப்ராஜெக்ட்னா அப்பாச்சி போடறப்ப கம்பெனியோட பேட்டன்டுக்கும் சேர்த்து அனுமதி போகுது, லீகல்ல இருந்து கேள்வி வந்தா பெரும்பாலும் இந்த இடத்துலதான் வரும், எரிச்சல் படாதீங்க, அது நியாயமான கேள்வி.

ஏற்கெனவே போட்டாச்சுன்னா

பதறி ராத்திரியோட ராத்திரியா ரெப்போவை அழிக்காதீங்க. முதல்ல புது கமிட் போடறதை நிறுத்துங்க. எப்ப, எங்க, எந்த மெஷின்ல, எதுக்காக எழுதினீங்கன்னு உங்களுக்காக உண்மையா ஒரு குறிப்பு எழுதுங்க. அக்ரிமென்ட்டைப் படிங்க. உங்களோடதுன்னு தெளிவா தெரிஞ்சா தொடரலாம், சந்தேகம் இருந்தா நாலாவது படியில சொன்ன மெயிலை "இந்தத் தேதியில வெளியிட்டிருக்கேன், இப்ப முறைப்படுத்தணும்"னு சேர்த்து அனுப்புங்க. கம்பெனி ரகசியமோ பாஸ்வேர்டோ கிளையண்ட் தகவலோ உள்ள இருக்குன்னா மட்டும் காத்திருக்காம அன்னைக்கே ரெப்போவை ப்ரைவேட் ஆக்கிட்டு செக்யூரிட்டி குழுவுக்குச் சொல்லுங்க. எடுத்தே ஆகணும்னு முடிவாச்சுன்னா பயன்படுத்தறவங்களுக்கு ஒரு அறிவிப்பு வைங்க, ஏன் எடுக்கறோம், அவங்க எந்த வெர்ஷன்ல இருந்து விலகணும்னு, நான் அன்னைக்கு அதைச் செய்யல.

கடைசியா வேலையை விடற சமயம். ஆபீஸ் கோட் எதையும், நீங்களே ஒவ்வொரு எழுத்தா எழுதினதா இருந்தாலும், எடுத்துட்டுப் போகாதீங்க, மாதிரிக்குக் கூட வேண்டாம். ஓப்பன் சோர்ஸ் கணக்குல ஆபீஸ் மெயில் ஐடி இணைச்சிருந்தா சொந்த ஐடிக்கு மாத்துங்க, இல்லன்னா ஒரு பாஸ்வேர்ட் மாத்தணும்னா கூட வழி இருக்காது. நாலாவது படியில வாங்கின அந்த அனுமதி மெயில் எங்க இருக்குன்னும் பாருங்க, நிறைய பேருக்கு அது ஆபீஸ் மெயில்பாக்ஸ்ல மட்டும்தான் இருக்கும், கடைசி நாள் சாயங்காலம் கணக்கை மூடினதோட அதுவும் போயிடும். கேக்கறப்பவே சொந்த ஐடியையும் சிசில போட்டுக் கேளுங்க, அப்படிப் போடாம விட்டிருந்தா எச்ஆர்கிட்ட சொல்லி கையெழுத்தோட ஒரு பிரதி கேட்டு வாங்கி வீட்ல ஃபைல் பண்ணிடுங்க.